நூறில் வைத்த பொட்டு

அவள் வாங்கியவை இவை. ஆண்கள் மட்டும் உட்கார்ந்த சோதனை அறையில், ஜன்னலோரமாக ஒரு முக்காலி. ஒரு டிகிரியைப் பத்தாகப் பிரித்து வெறும் கண்ணால் சொல்லிவிடுவாள் என்று முன்பின் பார்க்காத கல்லூரிகளிலெல்லாம் ஒரு பேச்சு. ஒரு கம்பெனியின் பெயரையே மாற்றிய சிவப்புப் பொட்டு. தான் செய்யாத தப்பைத் தன் தலையில் கட்ட வந்த காகிதத்தில் விரல் படாமல் திருப்பி அனுப்பிய துணிச்சல். கடைசியாக, மூன்று எழுத்து. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், இருபத்தொரு வருடம் பாதரசத்தோடு குடித்தனம் செய்து கை நடுங்கிப் போனவள், இவ்வளவையும் வாங்கினாள். எதையும் யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை.

வீட்டில் இரண்டே பெண்கள். இடையில் மூன்று வயது. அக்காவுக்கு ஒன்பது நடக்கும்போது அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்பா விடியும் முன் மூட்டை தூக்கப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். யாராவது ஒருத்தி அம்மாவோடு இருக்க வேண்டும். அது பேசி முடிவெடுத்த விஷயம்கூட இல்லை. அக்காவிடம் புத்தகப் பை இருந்தது. தங்கையை அந்த வருடம்தான் சேர்ப்பதாக இருந்தது, பை இன்னும் வாங்கவில்லை. பை இருந்தவள் போனாள், இல்லாதவள் நின்றாள்.

சாயங்காலம் வந்து சொல்லித்தருகிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்தாள். முதல் வாரம் சிலேட்டும் குச்சியுமாக இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். முதல் எழுத்தின் சுழியைத் தங்கை பாதி போட்டிருப்பாள், அம்மா தண்ணீர் கேட்பாள். மீதியைப் போடுவதற்குள் புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லிக் கூப்பிடுவாள்.

“நாளைக்குப் பாத்துக்கலாம்டி” என்றாள் அக்கா. அந்த நாளை வர முப்பது வருடம் ஆயிற்று.

ஏழாம் வகுப்போடு நின்று, பதினாலு வயதில் அக்கா கம்பெனியில் சேர்ந்தாள். அப்போது அதைக் கம்பெனி என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். மரக்கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே கண்ணாடியை இளக்க ஓர் ஊதுவிளக்கு, ஒரு மேஜை, கண்ணாடிக் குழாய்கள் செருகிய நாலு டப்பா. பெரியவர் என்று எல்லோரும் கூப்பிட்ட முதலாளி, கன்னம் உப்ப ஊதி, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் குழாய்களும் சோதனைக் குழாய்களும் செய்வார். செய்ததைத் தானே சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வருவார். வெளிநாட்டுச் சரக்கு வருவது குறைந்த சமயத்தில் ஒரு கல்லூரியில், வெப்பமானி செய்வீர்களா என்று கேட்டார்கள். செய்வோமே என்று சொல்லிவிட்டு வந்து, அதற்கப்புறம்தான் எப்படி என்று யோசித்தார். முதல் எழுபதில் பாதி உடைந்தது, பாதி பொய் சொன்னது. பிறகு நல்ல வெளிநாட்டு வெப்பமானி ஒன்றை வாங்கிவந்தார். கொட்டகையில் அதற்குத் ‘தாய்’ என்று பெயர். சூடான எண்ணெய்த் தொட்டியில் தாயையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் இறக்கி, இரண்டும் ஒரே எண்ணைச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

அக்காவுக்குக் கிடைத்தது பேக்கிங் வேலை. ஒவ்வொரு வெப்பமானியையும் பஞ்சு வைத்த அட்டைக் குழாயில் இறக்கி, அதன் சோதனைச் சீட்டைச் சுருட்டி உள்ளே விட்டு, மூடி ஒட்ட வேண்டும்.

அம்மா போய்ச் சேர்ந்தபோது தங்கைக்குப் பதினைந்து வயது. அடுத்த மாதமே அக்கா அவளைக் கூட்டிக்கொண்டுபோய்த் தரை கூட்டும் வேலையில் சேர்த்துவிட்டாள். பாதரசம் சிந்தினால் முத்து முத்தாகத் தரையெங்கும் ஓடும். அதை ஓர் அட்டையால் ஒன்றுகூட்டி, பலகை இடுக்கில் ஒளிந்ததைக் குனிந்து ஊதி ஊதி வெளியே கொண்டுவந்து, புட்டியில் சேர்க்க வேண்டும். விஷம் என்று யாரும் சொல்லவில்லை. விலை ஜாஸ்தி என்று மட்டும் சொன்னார்கள்.

எண்கள் அவளுக்குக் கண்ணாடித் தண்டிலிருந்தே வந்தன. கோடுகளுக்குப் பக்கத்தில் பத்து, இருபது, முப்பது என்று ஏறிப்போவதைப் பார்த்துப் பார்த்து ஆறு மாதத்தில் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் பெரியவர் தொட்டிக்கு முன்னால் நின்று, மூக்குக் கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்துவிட்டு எண்பத்திரண்டு என்று எழுதச் சொன்னார். பின்னால் துடைப்பத்தோடு நின்றவள், எண்பத்திரண்டுக்கு ஒரு முடி கம்மி என்றாள். ஒரு முடி என்றால் எவ்வளவு என்று அவர் கேட்டார். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் இருப்பதைப் பத்தாக வெட்டினால் அதில் ஒன்று என்றாள். அவர் கோபப்படவில்லை. பன்னிரண்டு வெப்பமானிகளைக் கொண்டுவரச் சொல்லி, அவளையும் ஒரு பூதக்கண்ணாடியையும் போட்டிக்கு விட்டார். பூதக்கண்ணாடி தோற்றது. அவள் பாதரசத்தின் முனைக்கு நேரே கண் வரும்வரை முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். மேலேயிருந்து பார்த்தால் ஒரு பொய், கீழேயிருந்து பார்த்தால் ஒரு பொய் என்பதைக் கூட்டும்போதே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

மறுநாள் ஜன்னலோரத்து முக்காலி அவளுக்கு. சோதனை அறையில் இருந்த மூத்த ஆள் ஒருவர், இனிமேல் கூட்டுகிறவர்கள் அளவு எடுப்பார்கள், நாம் போய்க் கூட்டலாம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“கூட்டுங்கண்ணே” என்றாள் இவள், கண்ணைத் தொட்டியிலிருந்து எடுக்காமல். “மூலைய மட்டும் விட்றாதீங்க. அங்கதான் போய் ஒளியும்.”

அன்று சாயங்காலம் இதை அக்கா பேக்கிங் அறையில் ஏழு பேரிடம் சொன்னாள். ஏழு பேருக்கும் தனித்தனியாக.

பொட்டு வந்தது அக்கா செய்த ஒரு தப்பினால். ஒரு நாள் நாற்பது வெப்பமானிகள் கொண்ட தட்டு ஒன்றில், முதல் சீட்டைத் தவறவிட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து சுருட்ட ஆரம்பித்தாள். நாற்பதும் ஒன்று தள்ளிப் போயின. ஒவ்வொரு கண்ணாடியும் பக்கத்துக் கண்ணாடியின் சீட்டோடு ஊருக்குப் போனது. தெரிந்தபோது வண்டி போய்விட்டிருந்தது. அக்கா ராத்திரி சாப்பிடவில்லை. தங்கை சிரித்துவிட்டு, சீட்டை நம்பினால்தானே இந்தத் தொல்லை, கண்ணாடி மேலேயே எழுதிவிட்டால் என்ன என்றாள். எழுத அவளுக்குத் தெரிந்தது எண் மட்டும். அந்த மெல்லிய தண்டில் எண்ணுக்கும் இடமில்லை. அதனால் மூன்று முடி விட்டுக் கட்டிய ஒரு பிரஷ்ஷால், எந்தக் கோட்டில் அந்தக் கண்ணாடி அதிகமாகப் பிசகுகிறதோ அந்தக் கோட்டுக்கு நேரே, தண்டின் முதுகில் கடுகளவு சிவப்பு எனாமல் வைக்க ஆரம்பித்தாள். ஒன்றில் நாற்பதில் இருக்கும், இன்னொன்றில் தொண்ணூற்றாறில் இருக்கும். பொட்டு இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள், மற்ற இடத்தில் நம்பலாம் என்று அதற்கு அர்த்தம்.

கண்ணாடிக்குக் கண் பட்டுவிடும் என்று பொட்டு வைக்கிறாயா என்று ஊதுகிற ஆட்கள் கேலி செய்தார்கள். அவள் பெயரே பொட்டுக்காரி என்று ஆகிவிட்டது.

ஒன்றரை வருடம் கழித்து ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. அங்கே கருவிகளைக் கவனிக்கும் உதவியாளர் எழுதியிருந்தார். உங்கள் சரக்கில் சிவப்புப் பொட்டு வைத்து வருவதை மட்டும் அனுப்புங்கள், அதை வைப்பவர் யாரோ தெரியாது, ஆனால் எந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார், வேறு எந்தக் கம்பெனியும் தன் குறையைத் தானே காட்டி அனுப்பியதை நான் பார்த்ததில்லை என்று இருந்தது. பெரியவர் அதை அக்காவிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். தங்கை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அந்தக் கடிதத்திலிருந்துதான் கம்பெனி வளர்ந்தது. பொட்டு வைத்தது வேண்டும் என்று கல்லூரிகள் கேட்டன, பால் பண்ணைகள் கேட்டன, சாயப் பட்டறைகள் கேட்டன. தகரக் கொட்டகை இரண்டு மாடி ஆயிற்று, பிறகு மூன்று. பால்மானி, அடர்த்திமானி, அளவுக் குழாய் என்று சரக்கு பெருகியது. இருபது பேர் நூற்று நாற்பது பேர் ஆனார்கள். பெயர்ப் பலகையில் பெரியவரின் பெயர் போய், ஒரு பெரிய சிவப்பு வட்டம் வந்தது.

இவ்வளவும் ஆன பிறகும் சோதனைச் சீட்டின் அடியில் ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் மேலாளர்தான் கையெழுத்துப் போட்டார். எண்களை அவள் நிரப்புவாள், அவர் அடுக்காக வாங்கிப் பார்க்காமலே போட்டுத் தள்ளுவார். ஒரு முறை அவள் கேட்டாள். எழுதத் தெரியாதவளுக்கு எதுக்கும்மா கையெழுத்து என்றார் அவர், அன்பாகத்தான். வீட்டுக்கு வந்து அக்காவிடம், என் பேரு மூணு எழுத்துதானேக்கா என்றாள் தங்கை. இந்த ஆர்டர் முடியட்டும், உட்கார்ந்துவிடலாம் என்றாள் அக்கா.

அக்காவுக்கு இடையில் கல்யாணம் நடந்தது. ஆறு வருடத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு தனியாகத் திரும்பி வந்தாள். தங்கை கதவைத் திறந்து, பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, ஒரு கேள்வி கேட்கவில்லை. தங்கையைப் பெண் பார்க்க ஒரே ஒருவர் வந்தார். அவள் பேசும்போது ஈறு கறுத்திருந்ததைப் பார்த்துவிட்டுப் போனார். பல் மூன்று அதற்குள் ஆடி விழுந்திருந்தன. பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. தம்ளரைத் தூக்கினால் தண்ணீர் சிந்தும். பார்வை மட்டும் அப்படியே இருந்தது. நடுங்கும் வலக்கையை இடக்கையால் அழுத்திப் பிடித்து, மூச்சை நிறுத்தி, அந்த ஒரு நொடியில் பொட்டு வைப்பாள். பொட்டு பிசகியதில்லை.

பெரியவர் படுத்த படுக்கையான பிறகு, மகன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோருக்கும் அவர் சின்னவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவசரக்காரர். ஒவ்வொன்றையும் ஒருத்தி உட்கார்ந்து முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆர்டர் எப்போது போவது என்று கேட்பார். சூடு காட்டும் கண்ணாடிக்குழாயை வேறு இடத்தில் மலிவாக வாங்க ஏற்பாடு செய்தார். அந்தக் குழாயின் துளை அடியில் ஒரு மாதிரியும் மேலே போகப் போகக் குறுகலாகவும் இருந்தது, குறுகிய இடத்தில் பாதரசம் உள்ளதைவிட உயர ஏறும். அதை அப்போது யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவள் அந்த ஜூலை இருபத்தாறாம் தேதி காய்ச்சலும் நடுக்கமுமாக ஆஸ்பத்திரியில் படுத்தாள். நாற்பத்திரண்டு நாள் கிடந்தாள்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி பேக்கிங் அறைக்கு அறுநூற்று இருபது வெப்பமானிகள் வந்தன. நூற்றைம்பது டிகிரி வரைக்கும் போகிறவை. பத்துக்கு ஒன்று வீதம் கொதிக்கும் தண்ணீரில் நூறு டிகிரிக்கு மட்டும் பார்த்திருந்தார்கள். எதிலும் பொட்டு இல்லை. பொட்டு இல்லாவிட்டால் வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சின்னவர் ஒரு சின்ன டப்பா எனாமலைக் கொண்டுவந்து அக்காவின் மேஜையில் வைத்தார்.

“பொட்டு நம்ம மார்க்குதானேம்மா. லேபிள் ஒட்டுற மாதிரிதான். எல்லாத்துலயும் ஒரே எடத்துல வைங்க, பாக்க அழகா இருக்கும். நூறுல வைங்க.”

பொட்டு என்றால் என்ன என்று அக்காவுக்குத் தெரியும். அவளைவிட யாருக்குத் தெரியும். ஒரு நிமிஷம் டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கை இல்லாத இடத்தில் தான் வாயைத் திறந்தால், இரண்டு பேர் வேலையும் போய்விடும், ஆஸ்பத்திரிச் செலவை யார் பார்ப்பது என்று நினைத்தாள். பலகையிலேயே வட்டம் வரைந்தாயிற்று, இனி அது கம்பெனியின் பொட்டு, அவளுடையது இல்லை என்றும் நினைத்தாள். பிறகு ஒரு தீக்குச்சியை எடுத்து நுனியைச் சீவினாள். மூன்று நாளில் அறுநூற்று இருபதும் முடிந்தன. ஒழுங்காகத்தான் வைத்தாள். எந்த வேலையையும் அவள் ஒழுங்காகத்தான் செய்வாள்.

அவற்றில் ஒன்று, கடிதம் எழுதிய அந்த உதவியாளரின் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. அறுவைக் கருவிகளை ஆவியில் வைத்துச் சுத்தம் செய்யும் பெட்டியில் அவர் அதைப் பொருத்தினார். அந்தப் பெட்டி நூற்று இருபத்தொன்றுக்கு வர வேண்டும், அதே சூட்டில் கால் மணி நேரம் நிற்க வேண்டும். வெப்பமானி நூற்று இருபத்தொன்று காட்டியது. உள்ளே இருந்தது நூற்றுப் பதினைந்து. நவம்பர் மாதம் ஒரே வாரத்தில் பதினோரு பேருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஏழு பேருக்குச் சீழ் பிடித்து அந்தக் கண் போயிற்று.

விசாரணை வரப்போகிறது என்று தெரிந்ததும் மேலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தார். தட்டச்சு செய்த காகிதம் ஒன்றையும் மை தடவிய ஒரு தகரப் பெட்டியையும் கொடுத்தார். படித்துப் பார்த்துக் கட்டைவிரல் வைத்து வையுங்கள், நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். கம்பெனி உங்களைக் கைவிடாது, வைத்தியம் எல்லாம் பார்த்துக்கொள்ளும், இல்லாவிட்டால் போலீஸ் அது இது என்று போகும் என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

வீட்டில் படிக்கத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். தங்கை சுவரில் சாய்ந்து, நடுங்கும் கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு கேட்டாள். மேற்படி வெப்பமானிகளை நானே சோதித்தேன். என் உடல்நலக் குறைவால் அளவில் பிசகு ஏற்பட்டுவிட்டது. நான் வைத்த அடையாளத்தை நம்பியே அவை அனுப்பப்பட்டன. அக்கா விரலை வரிக்கு அடியில் ஓட்டிக்கொண்டே படித்தாள். நாலாவது வரியில் விரல் நின்றது.

அங்கே தேதி இருந்தது. ஆகஸ்ட் எட்டு முதல் பத்து வரை. அந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடலாம். தாண்டினால் கேட்கிறவளுக்குத் தெரியாது. இந்த வீட்டில் எந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பது அக்கா வாயில் வருவதுதான்.

“ஏன் நிறுத்திட்ட?” என்றாள் தங்கை.

அக்கா தேதியைப் படித்தாள்.

“நான் அப்ப ஆஸ்பத்திரில இருந்தேனே.”

“ஆமா.”

“பொட்டு எங்க இருந்துச்சாம்?”

“நூறுல.”

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்.”

தங்கை சுவரிலிருந்து நிமிர்ந்தாள். “அறுநூறு கண்ணாடியும் ஒரே எடத்துல பொய் சொல்லாதுக்கா. அது நான் வச்ச பொட்டு இல்ல. யாரு வச்சாங்க?”

அக்கா காகிதத்தை மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள்.

“நான்தான்டி.”

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. தங்கை அழவில்லை, திட்டவில்லை. தொழில் தெரிந்தவள் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

“எதால வச்ச?”

“தீக்குச்சி.”

“என் பிரஷ் அங்கதானே இருந்துச்சு.”

“உன் பிரஷ்ஷத் தொட மனசு வரல.”

“அது மட்டும் வரல” என்றாள் தங்கை. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். “நூறுல பொட்டுன்னா, நூறுக்கு மேல நம்பலாம்னு அர்த்தம். நான் சொல்ற மாதிரியே நீ சொல்லியிருக்க. என் வாய வச்சு.”

மறுநாள் மேலாளர் வந்தபோது காகிதமும் மைப்பெட்டியும் வாசற்படியில் கிடந்தன. பெட்டியின் மை யாரும் தொடாமல் மழமழவென்று இருந்தது. கதவு திறக்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதம் தங்கை அக்காவோடு பேசவில்லை. பேசவில்லை என்றால் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் தினமும் சமையல் முடிந்ததும் ஒரு சிலேட்டை எடுத்து வந்து அக்காவின் மடியில் போடுவாள். அக்கா அவள் பெயரின் மூன்று எழுத்தையும் எழுதிக் காட்டுவாள். தங்கை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போவாள். கை நடுங்கி, சுழி கோணிக்கொண்டு எங்கேயோ போகும். எச்சில் தொட்டு அழிப்பாள். முப்பத்தாறு வயதில், முப்பது வருடத்துக்கு முன்னால் பாதியில் நின்ற சுழியை அவள் முடிக்கப் பார்த்தாள். ஒரு நாள் சிலேட்டில் அடிக்கோடு, மேற்கோடு, நடுவில் பத்துக் கோடு என்று வெப்பமானி போலவே கிழித்து, எழுத்தின் ஒவ்வொரு வளைவும் எந்தக் கோட்டைத் தொட வேண்டும் என்று எண் போட்டு வைத்திருந்தாள். அக்கா அந்தக் கோடுகளை விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள். யாரிடம் சொல்வது, பேக்கிங் அறையில் ஏழு பேரும் இப்போது அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பினார்கள்.

விசாரணை ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. மேலே ஒரு மின்விசிறி, கீழே நாலு பெஞ்சு. கண் போனவர்களில் மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு தையற்காரர், ஊசியில் நூல் கோக்க முடியாததால்தான் கண்ணைக் காட்டப் போனதாகச் சொன்னார். இன்னொரு கண்ணிலும் புரை இருந்தது. அதை எடுத்துக்கொள்ள இனி அவருக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரி உதவியாளர் தலை குனிந்தபடியே பேசினார். பதினேழு வருடமாகப் பொட்டைப் பார்த்துத்தான் பொருத்துகிறேன், பொட்டு நூறில் இருந்தது, அதனால் நூற்று இருபத்தொன்று சரியாக இருக்கும் என்று நம்பினேன், சரியான வெப்பமானியோடு ஒத்துப் பார்த்த கண்ணாடி என்று நினைத்தேன் என்றார். கம்பெனி வக்கீல் எழுந்து, பொட்டு என்பது ஒரு தர முத்திரை, அதை வைத்தது இந்த அம்மாள்தான் என்பது ஊருக்கே தெரியும், இவருடைய கை நடுங்குவதை நீங்களே பார்க்கலாம் என்றார்.

அதிகாரி தங்கையைக் கேட்டார். அவள் எழுந்து நின்றாள். கையை மறைக்கவில்லை.

“பொய் சொல்லாத கண்ணாடி கிடையாதுங்க. எந்த எடத்துல சொல்லுதுன்னு தெரிஞ்சா போதும். அதத்தான் பொட்டு வச்சுக் காட்டினேன். தரம்னு காட்டல, குறைன்னு காட்டினேன். என் பொட்டு வச்ச கண்ணாடி எந்த ஆஸ்பத்திரில வேணா இருக்கும், எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ரெண்டு கண்ணாடில ஒரே எடத்துல இருந்தா நான் வெரல் வைக்கிறேன்.”

அதிகாரி ஆள் அனுப்பினார். உதவியாளரின் அலமாரியிலிருந்து பழைய வெப்பமானிகள் பதினான்கு வந்தன. மேஜையில் வரிசையாக வைத்தார்கள். முப்பத்தெட்டில் ஒன்று, அறுபதில் ஒன்று, நூற்றுப் பதினெட்டில் ஒன்று. கடுகு இறைத்தது போல எங்கெங்கோ இருந்தன. பக்கத்தில் புதியவை ஆறு. ஆறிலும் நூறில், கோடு கிழித்ததுபோல நேராக.

அதற்கப்புறம் அக்கா எழுந்தாள். டப்பா, தீக்குச்சி, மூன்று நாள், அறுநூற்று இருபது. சின்னவர் சொன்னதையும் சொன்னாள், சொல்லும்போது தனக்குப் பொட்டின் அர்த்தம் தெரிந்திருந்தது என்பதையும் விடாமல் சொன்னாள். உட்காரும்போது தையற்காரர் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டது அறை முழுக்கக் கேட்டது.

“அந்த அம்மா எந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க?”

யாரோ கையைப் பிடித்துக் காட்டினார்கள். அவர் திரும்பினார். திரும்பிய பக்கம் சுவர்தான் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் நடந்தவற்றைச் சொல்லிவிடலாம். கம்பெனிக்கு அபராதமும் எச்சரிக்கையும். சின்னவர் இரண்டு வருடத்தில் நாலாவது மாடி கட்டினார். சிவப்பு வட்டம் பலகையில் அப்படியேதான் இருக்கிறது, இப்போது அச்சில் வருகிறது, எல்லாவற்றிலும் ஒரே இடத்தில். அக்கா, தங்கை இரண்டு பேரையும் அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். ஏழு கண்ணில் ஒன்றும் திரும்பி வரவில்லை. தையற்காரரின் கடை வாசலை அக்கா இன்று வரைக்கும் கடந்து போனதில்லை, சுற்றித்தான் போகிறாள். தங்கையின் நடுக்கம் கையிலிருந்து தலைக்கு ஏறியது. ஒன்பது வருடம் இருந்தாள். அந்த ஒன்பது வருடத்தில் ஆறு இடங்களில் கையெழுத்துப் போட்டாள். ஆறாவது, அவள் திரும்பி வராத ஆஸ்பத்திரியின் சேர்க்கைப் படிவம். எந்தெந்த இடம், எந்தெந்தத் தேதி என்று அக்கா ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

முதலாவது, அந்த மாடி அறையில். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள். அவள் கையைப் பார்த்துவிட்டுக் குமாஸ்தா கேட்காமலே மைப்பெட்டியை நகர்த்தினார். தங்கை அதை மூடி அவர் பக்கமே தள்ளிவைத்தாள். காகிதத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

“படிக்கா” என்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

அக்கா ஒரு வரி விடாமல் படித்தாள். பொட்டு எனப்படும் தர முத்திரை என்று ஓர் இடத்தில் இருந்தது. தங்கை கையை உயர்த்தி நிறுத்தினாள். அதை அடிக்கச் சொல்லி, பிழை இருக்கும் இடத்தைக் காட்டும் பொட்டு என்று மாற்றி எழுத வைத்தாள். குமாஸ்தா முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினார். பிறகு அவள் பேனாவை வாங்கி, முழங்காலை மடக்கிக் கண்ணைக் காகிதத்துக்கு நேரே கொண்டுவந்தாள். இடக்கையால் வலக்கையை அழுத்திப் பிடித்தாள். மூச்சை நிறுத்தி ஓர் எழுத்து. மூச்சு விட்டாள். மறுபடி நிறுத்தி இன்னொன்று. மூன்றாவதற்கு வெகு நேரம் எடுத்தது. சுழி ஒரு முடிகூட வெளியே போகவில்லை. கீழே தேதி போட வேண்டும் என்றார்கள். எண் அவளுக்குத் தெரியும், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு, மார்ச் மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை.